குறை சொல்லும் குரலும் சுன்னாகத்துச் சரித்திரமும்

பண்டத்தை ஆக்குபவன் ஒருவன். அதைப் பயன்படுத்துபவன் இன்னொருவன். இவ்விருவருக்கும் இடையே நடந்த பேச்சுக்கு நம் சரித்திர நூல்களில் இடமில்லை. முடிசூட்டு விழாக்களையும் போர்க்களங்களையும் எழுதிவைத்தவர்கள், சேலையின் சாயம் முதல் தோய்ச்சலிலேயே போய்விட்டதென்று ஒரு பெண் நெசவாளியிடம் சென்று முறையிட்டதையும், அடுத்த பாவுக்கு அவன் சாயத்தை மாற்றிக் காய்ச்சியதையும் எழுதிவைக்கவில்லை. எனினும் மனிதன் செய்த பொருள்கள் யாவும், ஏர் முதல் எழுத்தாணி வரை, இத்தகைய பேச்சினாலேயே திருந்தி வந்தன. உழுதவன் சொன்னான், கொல்லன் கேட்டான், கொழு சீரானது.

யந்திரத் தொழில் இந்தப் பேச்சை அறுத்தது. ஆக்குபவன் ஓரூரிலும் பயன்படுத்துபவன் வேறு கண்டத்திலும் வாழத் தொடங்கியபின், குறை சொல்லும் குரல் தொழிற்சாலையின் மதிலைத் தாண்டவில்லை. இந்த இழப்பைப் பின்னர் முதலாளித்துவ உலகமே உணர்ந்தது. 1950 ஆம் ஆண்டில், போரில் நொறுங்கிப்போயிருந்த ஜப்பானுக்குச் சென்ற எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர அறிஞர், அந்நாட்டுத் தொழிலதிபர்களுக்கு ஒரு படம் வரைந்து காட்டினார். மூலப்பொருளில் தொடங்கி விற்பனையில் முடியும் நேர்கோடன்று அது. வாங்கியவரின் அனுபவம் மீண்டும் வரைபட மேசைக்குத் திரும்பிவரும் வட்டம் அது. ஜப்பானியத் தொழில்கள் அதன்பின் அடைந்த வளர்ச்சி உலகறிந்தது. இன்று எந்த வாணிபப் பாடநூலைத் திறந்தாலும், வாடிக்கையாளரின் கருத்தைக் கேள், அதன்படி திருத்து, மீண்டும் கேள் என்ற உபதேசமே முதலில் நிற்கிறது.

உபதேசம் பொய்யன்று, ஆனால் அரைகுறையானது. குறை சொல்லும் குரல் எப்போது திருத்தமாக மாறுகிறது? எப்போது வெறும் கூக்குரலாகக் காற்றோடு போகிறது? கேட்பவனின் நல்லெண்ணம் ஒன்றே இதைத் தீர்மானிக்கிறதா? இக்கேள்விகளுக்கு விடைதேட நாம் ஜப்பானுக்குப் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகம் என்னும் ஒரே ஊரின் சந்தையையும் அச்சகத்தையும் கிணறுகளையும் பார்த்தால் போதும்.

சந்தையின் செவி

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால் ஏறத்தாழ 10 கிலோமீற்றரில் சுன்னாகம். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் நடுவே அமைந்தமையால் அங்கே பெருஞ்சந்தை ஒன்று வளர்ந்தது. வெங்காயம், மிளகாய், வாழைக்குலை, கத்தரி, மரவள்ளி, புகையிலை எனச் சுற்றுவட்டக் கிராமங்களின் உழைப்பெல்லாம் அங்கே வந்து குவியும்.

சில்லறைக்கு வாங்கும் இல்லத்தரசிக்குச் சந்தை ஒரு நல்ல செவியைத் தருகிறது. அவள் கத்தரிக்காயை அமுக்கிப் பார்க்கிறாள். பூச்சி குத்தியதென்று கண்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த கடைக்கு நகர்கிறாள். அந்த நகர்தலே விமரிசனம். விற்பவன் நாளையும் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும்; அவள் நேற்றுச் சொன்ன குறையை மறந்தால் இன்றைய சரக்கு மாலைவரை கிடக்கும். இங்கே கருத்துக் கேட்கும் படிவம் எதுவும் இல்லை. ஆயினும் திருத்தம் நடக்கிறது.

ஆனால் அதே சந்தையின் மறுபுறத்தைப் பாருங்கள். விடிகாலையில் தன் விளைவைக் கொண்டுவரும் தோட்டக்காரனும் சந்தையின் பாவனையாளன்தான். சந்தை என்ற சேவையை அவன் பயன்படுத்துகிறான். யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் கழிவு என்ற பெயரில் விவசாயியின் சரக்கு நிறையில் ஒரு பங்கை மொத்த வியாபாரிகள் கழித்துக்கொள்ளும் வழக்கம் பற்றி நெடுங்காலமாக முறைப்பாடு எழுந்துவந்திருக்கிறது. தடையுத்தரவுகளும் அறிவித்தல்களும் வந்தபின்னரும் அந்த முறைப்பாடு ஓயவில்லை. காரணம் என்ன? இல்லத்தரசி அடுத்த கடைக்கு நகரலாம். பறித்த கத்தரிக்காயோடு வந்து நிற்பவன் எங்கே நகர்வான்? வெயில் ஏற ஏற அவன் சரக்கு வாடும். வாட வாட அவன் குரலும் தாழும். ஒரே கூரையின்கீழ் ஒருவரின் குறை உடனே கேட்கப்படுகிறது, மற்றவரின் குறை ஆண்டுக்கணக்கில் கேளாமற் கிடக்கிறது. வேறுபாடு குரலின் உரத்தில் இல்லை. குரலுக்குப் பின்னே உள்ள பலத்தில் இருக்கிறது. இதுவே சந்தை தரும் முதற் பாடம்.

அச்சகத்தின் செவி

சுன்னாகத்தின் பெயர் தமிழுலகெங்கும் பரவியது வெங்காயத்தால் அன்று, அச்செழுத்தால். குரும்பசிட்டியிற் பிறந்து, பர்மாவில் உழைத்துத் திரும்பிய நா. பொன்னையா, சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகத்தை நடத்தினார். அங்கிருந்து 1930 ஆம் ஆண்டில் 'ஈழகேசரி' என்னும் வார இதழைத் தொடங்கினார். 1958 வரை அது வாழ்ந்தது. இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன், அ. செ. முருகானந்தம் முதலியோரின் எழுத்து வளர்வதற்கு அது களமாயிற்று. வாசகனாக இருந்தவனை எழுத்தாளனாக்கியதே அவ்விதழின் பெருமை. வாங்குபவன் ஒருபுறம், ஆக்குபவன் மறுபுறம் என்ற மதில் அங்கே தாழ்ந்திருந்தது.

இதனினும் ஆழமான சான்று அதே அழுத்தகத்திலிருந்து வெளிவந்த தொல்காப்பியப் பதிப்பாகும். புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த சி. கணேசையர் சுன்னாகம் பிராசீன பாடசாலையில் தமிழ் கற்பித்தவர். பாடஞ் சொல்லும் ஆசிரியனைவிடக் கடுமையான பாவனையாளன் ஒரு நூலுக்கு வேறு யார்? அச்சான நூலில் எங்கே பாடம் பிறழ்ந்திருக்கிறது, எங்கே உரை இருண்டிருக்கிறது, எங்கே உதாரணம் பொருந்தவில்லை என்பதெல்லாம் மாணாக்கன் ஐயுற்று வினாவும்போதுதான் வெளிப்படும். அவ்வாறு கற்றும் கற்பித்தும் கண்டவற்றை ஐயர் குறிப்புகளாக எழுதிச் சேர்த்தார். அக்குறிப்புகளுடன் எழுத்ததிகாரம் 1937 இலும், சொல்லதிகாரம் 1938 இலும், பொருளதிகாரம் இரு பகுதிகளாக 1943 இலும் 1948 இலும் பொன்னையாவால் வெளியிடப்பட்டன. பழைய பதிப்புகளின் குறையைக் கண்ட வாசகன் அதைத் தன் ஏட்டோடு புதைத்துவிடவில்லை. வெளியிடுபவனும் அதைக் குற்றச்சாட்டாக எண்ணி முகஞ்சுளிக்கவில்லை. விளைவு, தமிழறிஞர் இன்றும் போற்றும் ஒரு பதிப்பு.

இது நம் மரபுக்குப் புதியதும் அன்று. தொல்காப்பியமே அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதென்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் சொல்லுகிறது. அரங்கேற்றம் என்பது வெறும் பாராட்டு விழாவாக இருந்ததில்லை. குற்றம் காண உரிமையுள்ள அவைமுன் நூலை வைத்து, தடைகளுக்கு விடைகூறி, கூறமுடியாத இடத்தில் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. அவையடக்கம் பாடிக் காப்பியம் தொடங்கும் வழக்கும் இதனோடு ஒட்டியது.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. அரங்கேற்றத்தின் அவை கற்றோர் அவை. நாற்று நட்டவளும் நீர் இறைத்தவனும் அதில் அமரவில்லை. குறை சொல்வதற்கு இலக்கணப் புலமை என்னும் அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. புலமைச் செருக்கு அன்று கேட்ட அதே சீட்டை, விஞ்ஞானத்தின் பெயரால் இன்றைய நிறுவனங்கள் சாதாரண மனிதனிடம் கேட்கின்றன. இதைத்தான் சுன்னாகத்துக் கிணறுகளின் கதையில் காண்கிறோம்.

கிணற்றை அறிந்தவர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் வில்லை போலத் தங்கி நிற்கிறது. அந்த வில்லையைத்தான் குடாநாட்டு மக்கள் குடிக்கிறார்கள், சமைக்கிறார்கள், தோட்டத்துக்கு இறைக்கிறார்கள். வரம்பு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். மேலே எதைக் கொட்டினாலும் கல்லின் குகைகளும் பிளவுகளும் அதைத் தடுத்து வடிகட்டுவதில்லை, விரைவிற் பரப்பிவிடும். இரசாயனப் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாகவே எடுத்துக்காட்டி வந்திருக்கின்றனர். ஆகவே இந்த நீர் முன்பு மாசற்ற அமுதமாக இருந்ததென்று நாம் வாதிடவில்லை.

ஆறில்லாத நாட்டு மக்களுக்கு நீரைப் பற்றிய நாவின் அறிவு கூர்மையானது. எது நல்ல தண்ணீர்க் கிணறு, எது சவர்க் கிணறு, எந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகும், எதில் தேநீர் சுவைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். துலா மிதித்த காலத்திலும் நீர்ப்பம்பி வந்த காலத்திலும் இந்த அறிவு குறையவில்லை.

இந்த அறிவிலும் உரிமையிலும் சமத்துவம் இருந்ததில்லை என்பதையும் கூறவேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் பிறர் கிணற்றில் அள்ள முடியாமல், யாரேனும் வந்து ஊற்றுவார்களா என்று வெறுங்குடத்துடன் காத்துநின்ற காலம் யாழ்ப்பாணத்தின் வெட்கக்கேடான காலம். கே. டானியல் 'தண்ணீர்' என்ற பெயரிலேயே ஒரு நாவல் எழுதும் அளவுக்கு அது கொடுமையாக இருந்தது. நீர் கேட்கவே உரிமை இல்லாதவனிடம் நீரின் தரம் எப்படி இருக்கிறதென்று யார் கேட்டிருப்பார்கள்? குறை சொல்லும் உரிமை, பயன்படுத்தும் உரிமைக்குப் பின்னரே பிறக்கிறது.

எண்ணெயும் மறுப்பும்

சுன்னாகத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து எண்ணெயில் இயங்கும் மின்நிலையம் இருந்துவந்தது. போர்க்காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் மக்கள் மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்தார்கள். மாணவர்கள் அந்த விளக்கின் புகையில் பரீட்சைக்குப் படித்தார்கள். ஆகவே 2009 இல் போர் முடிந்த காலத்தையொட்டி நொதேண் பவர் என்னும் தனியார் கம்பனி அங்கே அனல்மின் உற்பத்தியைத் தொடங்கியபோது, மின்சாரம் வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. இதை மனங்கொள்ள வேண்டும். பின்னர் முறையிட்டவர்கள் முன்னேற்றத்தின் பகைவர்கள் அல்லர். அந்த மின்சாரத்தின் வாடிக்கையாளர்கள்.

2010களின் முற்பகுதியில், மின்நிலையத்தைச் சுற்றியிருந்த வீடுகளின் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் தெரியத் தொடங்கியது. வாளியில் அள்ளிய நீரின்மேல் நிறம் மினுங்கிற்று, மணம் மாறிற்று. முறைப்பாடு சுன்னாகத்திலிருந்து மல்லாகம், தெல்லிப்பழை என விரிந்தது. முதலிற் கண்டவர்கள் இரசாயன நிபுணர்கள் அல்லர். காலையில் கிணற்றடிக்குப் போனவர்கள்.

அவர்கள் எங்கே போய்ச் சொல்வது? இங்கேதான் நவீன நிறுவனத்தின் விசித்திரம் வெளிப்படுகிறது. மின்சாரம் மின்சார சபையின் பொறுப்பு. உற்பத்தி தனியார் கம்பனியின் பொறுப்பு. அனுமதி முதலீட்டுச் சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஆகியவற்றின் பொறுப்பு. நீர் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. நோய் சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு. கிணறு மட்டும் ஒன்று. ஒரு வாளி நீரைச் சுமந்துகொண்டு ஐந்து வாசல்களை ஏறி இறங்கவேண்டிய நிலை. மின்பட்டியல் பிழையென்று சொல்ல ஒரு யன்னல் உண்டு. மின்சாரத்தின் கழிவு கிணற்றில் மிதக்கிறதென்று சொல்ல யன்னல் இல்லை.

2013, 2014 ஆம் ஆண்டுகளில் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அப்பகுதியில் 150 கிணறுகளின் நீரைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் மசகும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குமேல் இருந்ததாகக் கண்டது. நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட கிணறுகள்! நாவும் மூக்கும் முன்னரே சொன்னதை ஆய்வுகூடம் பின்னர் எழுதிக் கையொப்பமிட்டது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழு, ஆபத்தான பெற்றோலியப் பொருள்கள் நீரில் இல்லையென்ற கருத்தில் அறிக்கை தந்தது. ஓர் அறிக்கை உண்டென்றது. ஓர் அறிக்கை இல்லையென்றது. இடையே, வீதியோரங்களில் வைக்கப்பட்ட நீர்த்தாங்கிகளின் முன் மக்கள் குடங்களுடன் வரிசையில் நின்றார்கள்.  ஊர்வலங்கள் நடந்தன, கடையடைப்புகள் நடந்தன, மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் உத்தரவினால் நொதேண் பவர் நிலையத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டது.

இலண்டன் குழாயடி

சாதாரண மக்களின் அனுபவம் நிபுணர் குழுவினால் தள்ளப்படுவது சுன்னாகத்தில் மட்டும் நடந்ததன்று. 1854 இல் இலண்டன் நகரின் புரோட் வீதியில் பத்து நாட்களுக்குள் ஐந்நூறு பேருக்கு மேல் வாந்திபேதியால் மாண்டனர். மருத்துவர் ஜோன் ஸ்நோ வீடுவீடாகச் சென்று, யார் எந்தக் குழாயின் நீரைக் குடித்தார்கள் என்று கேட்டறிந்தார். அவ்வீதியிலிருந்து தொலைவில் வாழ்ந்த ஒரு விதவைக்கு அந்த நீரின் சுவை பிடித்துப்போனதால் நாள்தோறும் அதை வண்டியில் வரவழைத்துக் குடித்திருந்தாள், அவளும் மாண்டாள். இந்தச் செய்தி எந்த ஆய்வுகூடத்திலும் கிடைக்கவில்லை. அவள் மக்களின் வாய்ச்சொல்லாகவே கிடைத்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 8 ஆம் நாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது.

பின்பு நடந்ததென்ன? அரசாங்கத்தின் சுகாதாரச் சபை அமைத்த விஞ்ஞானக் குழு ஸ்நோவின் முடிவை ஏற்க மறுத்தது. நோய் கெட்ட காற்றினால் வருகிறதென்பதே அக்காலத்துப் படித்தோரின் கொள்கை. ஸ்நோவை மறுக்கும் நோக்குடன் அதே தெருக்களில் விசாரணை தொடங்கிய ஹென்றி வைற்ஹெட் என்ற இளம் பாதிரியார், அங்கே வாழ்ந்தவர்களைப் பலமுறை சந்தித்துக் கேட்கக் கேட்கத் தம் கருத்தை மாற்றிக்கொண்டு ஸ்நோவின் பக்கம் நின்றார். அறிவுக்கு எதிராக மக்கள் சொல் நிற்கிறதென்பது பொய். மக்கள் சொல்லைக் கேட்ட அறிவே அங்கு வென்றது. கேளாத அறிவே தோற்றது.

தீர்ப்பும் அதன் எல்லையும்

சுன்னாகத்து மக்களின் முறைப்பாடு இறுதியில் இலங்கையின் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. 2015 இல் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வழக்கைத் தொடுத்தவர் தென்னிலங்கையைச் சேர்ந்த ஒரு சுற்றாடல் ஆர்வலர் என்பது நம் கவனத்துக்குரியது. நீருக்கு மொழி இல்லை. அதன் துன்பத்தை உணர்ந்தவருக்கும் மொழி தடையாகவில்லை. மாசு செய்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்களின் கடமைத் தவறும் தீர்ப்பில் இடம்பெற்றது. நொதேண் பவர் கம்பனி 20 மில்லியன் ரூபாவை நட்டஈடாகச் செலுத்தவேண்டுமென்றும், ஒரு கிணற்றுக்கு உரியவருக்கு உச்சமாக 40,000 ரூபா வழங்கப்படலாமென்றும் விதிக்கப்பட்டது.

இத்தீர்ப்பு ஒரு வெற்றி, ஐயமில்லை. இலங்கைச் சட்ட வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. ஆயினும் கணக்கைப் பாருங்கள். 40,000 ரூபாவால் ஒரு குடும்பம் சில காலம் நீர் வாங்கலாம், கிணற்றைத் துப்புரவாக்கலாம், நிலத்தடி நீரை மீட்க முடியாது. எண்ணெய் முதலில் மினுங்கிய நாளிலேயே அந்தச் சொல் கேட்கப்பட்டிருந்தால், ஒரு தொட்டியைச் செப்பனிடும் செலவோடு முடிந்திருக்கக்கூடியது, பல ஆண்டுத் துயரமாகவும் நீதிமன்றக் கட்டுகளாகவும் வளர்ந்தது. குறையைக் காலத்தில் கேட்பது அறம் மட்டுமன்று, சிக்கனமும் ஆகும். இலாபக் கணக்கொன்றையே வேதமாகக் கொண்டவர்களும் இதை ஏன் செய்யவில்லை?

ஏனெனில் அந்தச் செலவு அவர்கள் ஏட்டில் விழவில்லை. மின்சாரத்தை வாங்கியது ஒரே சபை. அதற்குக் கம்பனி விடைசொல்லியது. கழிவை ஏற்றது கிணறு. அதற்கு விடைசொல்ல எவரும் இல்லை. வாணிப நூல்கள் போற்றும் வாடிக்கையாளர் யாரென்றால் காசு கொடுப்பவர். உடலாலும் நிலத்தாலும் விலை கொடுப்பவர் அப்பட்டியலில் இல்லை. உபதேசத்தின் அரைகுறை இதுதான்.

வெளியேறுவோரும் எஞ்சுவோரும்

அல்பர்ட் ஹேர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970 இல் வெளியிட்ட நூலொன்றில், சீர்கெடும் ஒரு நிறுவனத்துக்கு எதிராக மக்களிடம் இரண்டு ஆயுதங்கள் உண்டென்றார்: விட்டு வெளியேறுதல், குரல் எழுப்புதல். நைஜீரியாவின் புகையிரத சேவையை அவர் உதாரணமாகக் காட்டினார். லொறிப் போட்டி வந்தால் புகையிரதம் திருந்துமென்று எல்லோரும் எண்ணினர், திருந்தவில்லை. வசதியும் செல்வாக்கும் உள்ள வாடிக்கையாளர் லொறிக்கு மாறிவிட்டனர். உரத்துக் குறைசொல்லக்கூடியவர்கள் போய்விட்டதால் புகையிரத நிர்வாகம் நிம்மதியாக உறங்கியது.

இந்த ஆராய்ச்சி நம் ஊருக்கு எவ்வளவு பொருந்துகிறது! நீர் கெட்டபோது வசதியுள்ளவர் போத்தல் நீர் வாங்கினார், வடிகட்டி பொருத்தினார், வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய காசில் வேறிடத்தில் வீடெடுத்தார். அது அவர்கள் குற்றமன்று. குழந்தைக்கு எண்ணெய் நீர் கொடு என்று யாருக்கும் சொல்லமுடியாது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் வெளியேறும்போது எஞ்சியோரின் குரல் மெலிகிறது. கூலிக்குப் போகும் பெண் வரிசையில் நின்று குடம் நிரப்பிவிட்டு முறைப்பாட்டுக் கூட்டத்துக்கும் எப்போது போவாள்? அரசாங்கப் பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் நேர்வதும் இதுவே. படித்தவன் தன் பிள்ளையைத் தனியார் பாடசாலைக்கு மாற்றியபின், ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதை யார் சென்று கேட்பது?

வெளியேற முடியாதவர்களுக்கு மூன்றாவது வழியொன்றை உழைக்கும் மக்களே கண்டுபிடித்தார்கள். 1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர், கலப்படமான மாவையும் ஓட்ஸையும் விற்ற கடைக்காரர்களிடம் முறையிட்டுக்கொண்டிருப்பதை விட்டுத் தாமே கடை திறந்தனர். வாங்குபவனே உரிமையாளன், குறை சொல்பவனும் அதைத் திருத்தவேண்டியவனும் ஒருவனே. யாழ்ப்பாணமும் இவ்வழியை அறியும். 1936 இல் மூளாயில் ஊர்மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே தோற்றுவித்தார்கள். நோயாளி அங்கே இரந்து நிற்பவன் அல்லன், பங்காளி. கூட்டுறவுகளிலும் ஊழலும் உறக்கமும் புகுந்ததுண்டு. ஆயினும் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமையை உறுப்பினனிடமிருந்து பறிக்க முடிந்ததில்லை.

நாம் செய்யவேண்டியது

சந்தை, அச்சகம், கிணறு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெளிவாகிறது. சந்தையில் குரல் கேட்டது, வாங்குபவள் நகர முடிந்ததால். அச்சகத்தில் குரல் கேட்டது, வாசகனையும் ஆக்குவோனாக ஏற்றதால். கிணற்றடியில் குரல் கேளாமற் போனது, அங்கே நகரவும் முடியவில்லை, முடிவில் பங்கும் இல்லை என்பதால். அங்கும் திரண்டு எழுந்தபின்னரே, ஆய்வு ஏட்டில் ஏறியபின்னரே, சட்டத்தின் கதவு தட்டப்பட்டபின்னரே செவி திறந்தது. ஆகவே கருத்துக் கேட்கும் பெட்டியை வாசலில் தொங்கவிடுவதால் மட்டும் எந்தச் சேவையும் திருந்தாது. பெட்டியின் திறவுகோல் யாரிடம் என்பதே கேள்வி.

நமக்குக் கருவிகள் இல்லாமலில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உண்டு. எந்த அரச நிறுவனத்திடமும் ஆய்வறிக்கையைக் கேட்டுப் பெற அது வழி தருகிறது. இவை தாமே நடந்து நம்மிடம் வரமாட்டா. நாம் கையிலெடுத்தால்தான் கருவி.

இங்கே ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தனிப்பொறுப்பு உண்டு. பாடசாலைகள் பலவற்றில் விஞ்ஞான அறை இருக்கிறது. மாணவர்கள் தம் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவந்து, மாதந்தோறும் அதன் உவர்ப்பையும் நைத்திரேற்றையும் நிறத்தையும் மணத்தையும் ஓர் ஏட்டிற் பதிந்துவைப்பது இயலாத காரியமா? பத்தாண்டுகள் அவ்வாறு எழுதப்பட்ட ஏடு ஓர் ஊரின் கையில் இருந்தால், எந்தக் கம்பனியும் எந்தக் குழுவும் அந்த ஊரை அறியாமையுடையதென்று தள்ளிவிட முடியாது. எண்ணெய் மிதந்தது எந்த மாதத்தில் என்ற கேள்விக்கு நினைவு அன்று, ஏடு விடைகூறும். கணேசையர் தொல்காப்பியத்துக்குச் செய்ததையே, அவர் கற்பித்த அதே ஊரின் பிள்ளைகள் தம் நிலத்தடி நீருக்குச் செய்வார்கள்: கண்ட பிழையைக் கண்ட இடத்தில், கண்ட நாளில் குறித்துவைப்பார்கள்.

குறை சொல்பவனைப் பகைவனென்று எண்ணும் நிறுவனம் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது. குறையைக் கண்டும் சொல்லாமல் விலகிப்போகும் மக்கள், அடுத்த வீட்டுக் குழந்தையின் குடத்தைக் கைவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். சொல்வோம், எழுதி வைத்துச் சொல்வோம், திரண்டு நின்று சொல்வோம். கேட்கும்வரை சொல்வோம்.